பார்க்காமல் சொன்ன ‘போகலாம்’

மலேசியாவில், மலாக்கா பக்கத்து அலோர் காஜாவில் டயர் கடை வைத்திருந்த நானாவிடம் எதையும் பேச்சுக்காகக் கேட்டுவிட முடியாது. “சாப்பிட்டாச்சா நானா?” என்றால், மற்றவர்களைப் போல “ஆச்சு” என்று சொல்லி முடிக்க மாட்டார். கையில் இருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார். “பத்து மணிக்கு ஒரு ரொட்டி சானாய் தின்னேன். அதைச் சாப்பாடுன்னு வச்சுக்கிட்டா, ஆச்சு” என்பார். முதல் தடவை சிரிப்பு வரும். நாலைந்து தடவை ஆனபிறகு மனிதர் நம்மைக் கிண்டல் பண்ணுகிறாரோ என்று சந்தேகம் வரும். கிண்டலெல்லாம் இல்லை. தெரியாததைத் தெரிந்தது மாதிரி சொல்ல அவருக்கு வாய் வராது, அவ்வளவுதான்.

அவர் தமிழ் முஸ்லிம். அவருடைய ஆட்கள் பல தலைமுறையாக மலாக்காவில் துணிக்கடை, மளிகைக்கடை என்று இருந்தவர்கள். இவர் ஒருவர்தான் டயருக்கு வந்தவர். அண்ணன் என்பதற்கு அவர்கள் வீட்டில் நானா என்பார்கள். அதனால் கோவிலுக்குப் போகிற நாங்களும் அவரை நானா என்றே கூப்பிட்டோம். கடைப் பலகையில் அவருடைய அப்பா பெயர்தான் இருந்தது. இவர் பெயர் என்ன என்று நான் கேட்டதே இல்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

மகனுக்கு ஜொகூரில் வேலை கிடைத்த சமயம். “பையனுக்கு நல்ல வேலையாமே நானா?” என்று விசாரித்தேன்.

“நல்ல வேலைன்னு அவன் சொல்றான். நான் போய்ப் பார்க்கல.”

“மகன் மேலயே சந்தேகமா?”

“அவன் மேல எனக்கென்ன சந்தேகம்? பார்க்கலன்னுதானே தம்பி சொன்னேன்.”

இதற்குமேல் அந்தப் பேச்சை எங்கே கொண்டுபோவது? நான் கோபிக் கோப்பையை எடுத்துக் குடித்தேன்.

கல்யாணப் பத்திரிகை வைக்கிறவர்களுக்கும் அவரிடம் இதே பாடுதான். “கண்டிப்பா வரணும்” என்றால், “அல்லாஹ் நாடினா” என்பார். எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் மற்றவர்கள் சொல்லும்போது வருவார்களா மாட்டார்களா என்பது சொல்கிற தொனியிலேயே தெரிந்துவிடும். இவர் சொன்னால் ஒன்றும் தெரியாது. பத்திரிகை வைத்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போவார். கல்யாணத்தன்று பார்த்தால் நானா முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

பக்கத்துக் கடைத் தையல்காரர் ஒருமுறை மலாக்கா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். நானும் நானாவுடன் போயிருந்தேன். கட்டிலைச் சுற்றி நின்ற எல்லாரும் “ஒண்ணும் ஆகாது”, “அடுத்த வாரம் கடை தொறந்திடலாம்” என்று ஆளுக்கொன்று சொன்னோம். தையல்காரரின் மனைவி நானாவையும் பார்த்தார். அவரும் ஏதாவது சொல்வார் என்ற எதிர்பார்ப்பு. நானா நோயாளியைத் தலையிலிருந்து கால்வரை மெதுவாகப் பார்த்தார்.

“முந்தாநேத்து வந்தப்போ படுத்திருந்தீங்க. இன்னைக்கு உக்காந்திருக்கீங்க” என்றார். அவ்வளவுதான்.

அந்த அம்மா முகம் வாடிப்போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராண்டாவில், “நல்லாயிடும்னு ஒரு வார்த்தை சொன்னா என்னா குறைஞ்சு போயிடும் நானா?” என்று கேட்டேவிட்டேன்.

“நான் என்ன டாக்டரா?” என்று திருப்பிக் கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு அது கேள்விதான்.

தையல்காரர் தேறி வீட்டுக்கு வந்தபிறகு ஒருநாள் சொன்னார்: “சாயங்காலமானா அந்தாளு எப்ப வருவாருன்னுதான் பார்த்துக்கிட்டு இருப்பேன். மத்தவங்க சொல்றத வச்சு நான் எப்படி இருக்கேன்னே தெரியாது. இவரு சொன்னாத்தான் தெரியும்.” அவர் மனைவி மட்டும் நானாவை மன்னிக்கவே இல்லை.

நான் வேலை பார்ப்பது செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில். அலோர் காஜாவிலிருந்து தினமும் கார்தான். கார் பழுதுபார்க்கும் போமன் கடைக்காரர்கள் எவரையும் நம்பும் பழக்கம் எனக்கு இல்லை. ஒன்றைச் சரிபண்ணக் கொடுத்தால் மூன்று கெட்டிருக்கிறது என்பார்கள். நானாவின் கடைக்கு முதன்முதலில் போனதே அப்படித்தான். வேறொரு கடையில் நான்கு டயரையும் மாற்றியே ஆகவேண்டும் என்று பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். நானா குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு டயரிலும் கட்டைவிரலை ஓட்டினார். வெறும் கண்ணால் பார்த்து அவர் எதையும் சொல்லி நான் கண்டதில்லை.

“முன்னால ரெண்டும் மாத்தணும். பின்னால ரெண்டும் நல்லா இருக்கு.”

“தீபாவளி வரைக்கும் தாங்குமா?”

“தீபாவளி எனக்குத் தெரியாது. இன்னைக்கு நல்லா இருக்கு.”

அன்றிலிருந்து வேறு கடைக்கு நான் போகவில்லை.

அவரிடம் வேலை செய்தவர் ரஃபீக் என்ற வங்காளதேசத்துக்காரர். என் வயதுக்காரர், கை சுத்தமான வேலைக்காரர். சக்கரத்தைக் கழற்றுவது, ஒட்டுப்போடுவது, மாட்டுவது, நட்டை இறுக்குவது எல்லாம் ரஃபீக்தான். ஆனால் கார் ஜேக்கிலிருந்து இறங்கியதும் நானா வந்துவிடுவார். வீல் ஸ்பேனரை ஒவ்வொரு நட்டிலும் மாட்டி ஒருமுறை அழுத்துவார். பெரும்பாலும் அது அசையாது. அசையாது என்று அவருக்கும் தெரியும், ரஃபீக்குக்கும் தெரியும். அழுத்தி முடித்து, இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, “போகலாம்” என்பார். அந்த ஒரு சொல் வருவதற்கு முன்னால் பழைய வாடிக்கைக்காரர் எவரும் எஞ்சினை முடுக்க மாட்டார்கள். சாவியைப் போட்டுவிட்டு அந்தச் சொல்லுக்காக உட்கார்ந்திருப்பார்கள்.

இனி சட்டித்தலையனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கடையின் ஓரத்தில் பழைய வேனிலிருந்து கழற்றிப் போட்ட நீள இருக்கை ஒன்று. அதற்கு எதிரே ஒரு டிவி. டிவிக்குக் கீழே மகன் விட்டுப்போன வீடியோ கேம் பெட்டி. ஜொகூருக்குக் கிளம்பும்போது, காத்திருக்கிறவர்கள் ஆடட்டும் என்று மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனானாம். அதில் ஒரே ஓர் ஆட்டம்தான் இருந்தது. இரும்புத் தொப்பி போட்ட குட்டி வீரன் ஒருவன் காடு, குகை, பனிமலை என்று ஒவ்வொரு லெவலாகத் தாண்டி, கடைசியில் ஒரு கோட்டையின் உச்சியில் தொங்கும் மணியை அடிக்கவேண்டும். தொப்பி அசல் சோற்றுச் சட்டியைக் கவிழ்த்த மாதிரியே இருக்கும். அதனால் எங்களுக்கு அவன் சட்டித்தலையன்.

ஆட்டம் தானாகவே பதிந்துகொள்ளும். ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடரலாம். வழியில் பழங்களைப் பொறுக்கினால் உயிர் கூடும். எல்லா உயிரும் தீர்ந்துபோனால் மட்டும் வந்த வழியெல்லாம் அழிந்து, முதல் காட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகவே சட்டித்தலையன் எங்கள் எல்லாருக்கும் பொதுச் சொத்து. ஹெல்மெட் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் பறக்கிற ஆசாமிகள்கூட அவன் உயிரை வீணடிக்க அவ்வளவு தயங்குவார்கள்.

வண்டி ஜேக்கில் இருக்கும்வரை ஆட்டம், இறங்கியதும் அடுத்தவருக்கு என்பது தானாக வந்த பழக்கம். இன்னொரு சட்டம் ஒரு சண்டைக்குப் பிறகு வந்தது.

சுப்பையா அண்ணன் செலண்டார் பக்கத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரிக்காரர். லாரி டயர் வேலை லேசில் முடியாது. அதனால் அவருக்குத்தான் நீண்ட ஆட்டம். பனிமலை முழுவதையும் சட்டித்தலையனுக்குத் தாண்டிக் கொடுத்தவர் அவர்தான். கடைக்குள் நுழையும்போதே “என் பையன் எங்க இருக்கான்?” என்று டிவியைப் பார்த்துக் கேட்பார். சொந்தப் பிள்ளைகளை அவர் அப்படி விசாரித்து நான் கேட்டதில்லை. ஒருநாள் அவர் ஒரு பள்ளத்தைத் தாண்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த ஒருவர், “குடுங்கலா அண்ணே, நான் காட்டறேன்” என்று கன்ட்ரோலரைப் பிடுங்கிவிட்டார். இழுபறியில் மூன்று உயிர் போனது. சுப்பையா அண்ணன் கையை ஓங்கிவிட்டார்.

நானா கையைத் துடைத்துக்கொண்டே வந்து இருவருக்கும் நடுவில் நின்றார். “ஆடறவரு குடுத்தா வாங்கணும். குடுக்காம யாரும் தொடக்கூடாது” என்றார். அவர் கடையில் அவர் சொன்னால் சொன்னதுதான். அதன்பிறகு, ஆடி முடித்தவர் எழுந்து நின்று, அடுத்தவர் கையில் வைத்து “பிடிங்க” என்று சொல்வது ஒரு சின்னச் சடங்காகவே ஆகிவிட்டது.

இந்த ஆட்டத்தால் நானாவின் நேர்மை எங்களுக்கு ஓர் இடைஞ்சலாகவும் போனது. உலகத்தில் எல்லாரும் டயர் கடையிலிருந்து சீக்கிரம் வெளியேறத்தான் பார்ப்பார்கள். நாங்கள் வண்டியை இன்னும் கொஞ்சம் பாருங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தோம்.

“நானா, அலைன்மென்ட்டும் பார்த்திடுங்களேன்” என்பேன்.

“காடி நேரா ஓடுதா?”

“ஓடுது.”

“ஒரு பக்கம் இழுக்குதா?”

“இல்ல.”

“அப்புறம் என்னத்தப் பார்க்கறது? எறக்கு ரஃபீக்.”

குகையின் வாசலில் சட்டித்தலையனை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு நான் எழுந்துகொள்ள வேண்டியதாயிற்று. இன்னொருவர் டயரில் ஆணியோடு வந்தார். நானா ஆணியைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பளபளவென்று இருந்தது.

“இது ரோட்டுல குத்தினது இல்ல.”

“அப்ப எங்க குத்தியிருக்கும்?” என்றார் வந்தவர், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

“அது எனக்குத் தெரியாது. ரோட்டுல இல்ல” என்று சொல்லிவிட்டு, அன்று நானாவே உட்கார்ந்து ஒட்டுப்போட்டு முடித்தார். அவ்வளவு வேகமாக ஒரு பங்ச்சர் வேலை முடிந்து நான் பார்த்ததில்லை. அந்த மனிதர் இருக்கையில் சரியாகச் சாயக்கூட இல்லை.

நானா மட்டும் ஒருநாளும் ஆடியதில்லை. ஆடச் சொன்னால், “என் வண்டி ஜேக்குல இல்லையே” என்பார். வேலை இல்லாத நேரத்தில் எங்கள் பின்னால் நின்று பார்ப்பார். யோசனை சொல்ல மாட்டார், உச்சுக்கொட்ட மாட்டார்.

இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பாடுபட்டு ஒருவழியாகச் சட்டித்தலையனைக் கோட்டைக்குக் கொண்டு சேர்த்தோம். அங்கேதான் வந்தது கேடு. சுவரிலிருந்து நெருப்புருண்டைகள் வந்துகொண்டே இருக்கும். போனவரெல்லாம் ஆளுக்கு ஒன்றிரண்டு உயிரைக் காவு கொடுத்தோம். மிச்சம் ஓர் உயிர் என்று ஆனதும் எவருக்கும் ஆடத் தைரியம் வரவில்லை. “நீங்க ஆடுங்க”, “இல்லல்ல, நீங்க ஆடுங்க” என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டோம். சில வாரங்கள் கன்ட்ரோலர் தூசி படிந்து கிடந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம். என் கார் வேலை முடிந்து, நானா “போகலாம்” சொல்லி, வெளியே நின்றது. நான் போகாமல் உட்கார்ந்திருந்தேன். சுப்பையா அண்ணன் லாரி இல்லாமல் மோட்டார் சைக்கிளில் பையனைப் பார்க்க வந்திருந்தார். இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் பத்மா டீச்சரின் சின்னச் சிவப்புக் காரில் ரஃபீக் பங்ச்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பக்கத்தில், ஜேக்கில், நானாவின் சொந்த வேன்.

சுப்பையா அண்ணன்தான் அதைக் கவனித்தார்.

“நானா, அது யாரு வண்டி?”

“என்னோடது.”

“எங்க இருக்கு?”

நானா திரும்பிப் பார்த்தார். “ஜேக்குல.”

“அப்ப யாரு ஆடணும்?”

நானா கொஞ்ச நேரம் யோசித்தார். மறுப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. “நாந்தான்” என்றார்.

சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். எந்தப் பொத்தான் எதற்கு என்று கேட்டார். சுப்பையா அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆனால் நானா ஆடிய மாதிரி நாங்கள் எவரும் ஆடியதில்லை. ஒவ்வொரு படியிலும் நின்றுவிடுவார். நெருப்புருண்டை வரும், போகும். இன்னொருமுறை வந்து போகட்டும் என்று பார்ப்பார். அதன்பிறகே ஒரு தாண்டல். எங்களுக்கு மூச்சு முட்டியது. நாங்கள் செத்துச் செத்து விழுந்த பாலத்தைச் சட்டித்தலையன் ஒரு கீறல் இல்லாமல் தாண்டினான். இருக்கைக்குப் பின்னால் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டோம்.

அப்போதுதான் பத்மா டீச்சர் வாசலில் வந்து நின்றார். இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள்.

“நானா, ரஃபீக் முடிஞ்சிருச்சின்னாரு. போகலாமா?”

சட்டித்தலையன் நகரும் கல் ஒன்றின்மேல் நின்றிருந்தான். நானா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“போகலாம் டீச்சர்.”

கார் கிளம்பிப் போன சத்தம் கேட்டது. எங்களுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. சட்டித்தலையன் அடுத்த கல்லுக்குத் தாவினான். அதற்கடுத்த கல். கடைசிப் படிக்கட்டு வந்தது. மேலே மணி தெரிந்தது. சுப்பையா அண்ணன் சாமி கும்பிடுவதுபோல் இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டார்.

நானாவின் விரல் நின்றுவிட்டது. நெருப்புருண்டைக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். அது வந்துபோன பிறகும் அவர் அசையவில்லை.

“டீச்சர் காடிய நான் தொட்டேனா?” என்றார்.

நானா வேன் பக்கம் இருந்த ரஃபீக்கைப் பார்த்து, இறுக்கியாயிற்றா என்று மலாயில் கேட்டார். “சுடா, போஸ்” என்றார் ரஃபீக். ஆயிற்று என்று அவர் தலையையும் ஆட்டினார்.

“அதான் சொல்றாருல்ல, படி ஏறுங்க நானா!” என்று சுப்பையா அண்ணன் கத்தினார்.

“அவன் சொல்றான். நான் பார்க்கல.”

கன்ட்ரோலரை இருக்கையில் வைத்துவிட்டு எழுந்தார். டீச்சருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கார் ஓட்டும்போது டீச்சர் போனை எடுக்க மாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். நானா தன் வேனைப் பார்த்தார். அது ஒரு சக்கரம் இல்லாமல் நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். நான் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் வீல் ஸ்பேனரோடு வந்து ஏறினார்.

டீச்சர் வீட்டுக்குப் போகும் செலண்டார் சாலையில் காரை விரட்டினேன். உள்ளபடி சொன்னால் எனக்கு எரிச்சல். நான்கு படி ஏறி மணியை அடித்துவிட்டு வந்திருக்கக் கூடாதா இந்த மனிதர்?

“ரஃபீக் இறுக்கியிருப்பாரு நானா” என்றேன்.

“இருக்கும்.”

“இத்தனை வருஷத்துல ஒருநாளாச்சும் லூசா விட்டிருக்காரா?”

“இல்ல.”

“அப்புறம் என்னா?”

அவர் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு சாலையோர வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் எதைத் தேடுகிறார் என்று புரிந்ததும் எனக்கு எரிச்சல் போய், காரை இன்னும் வேகமாக விட்டேன். அந்தச் சாலையில் வளைவுகள் அதிகம். எதிரே குலை லாரிகள் வரும். பின்னிருக்கையில் இரண்டு பிள்ளைகள்.

“மெதுவாப் போங்க தம்பி” என்றார். “நம்மளும் போய் விழுந்தா அவங்கள யாரு நிறுத்தறது?”

ஒரு வளைவு தாண்டியதும் சிவப்புக் கார் சாலையோரத்தில் நின்றது. கிட்டே போனபிறகுதான் அது நின்றது ஒரு பழக்கடை முன்னால் என்று தெரிந்தது. பிள்ளைகள் ரம்புத்தான் உரித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஆச்சரியத்தோடு எங்களைப் பார்த்தார்.

நானா வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராகப் போய்க் குந்தினார். ஸ்பேனரை மாட்டி அழுத்தினார். நான்கு நட்டு. ஒன்றும் அசையவில்லை.

“என்னா நானா, எதையாச்சும் விட்டுட்டு வந்துட்டேனா?” என்று டீச்சர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

நானா எழுந்து நின்றார். “பார்க்காமலே போகலாம்னு சொல்லிட்டேன் டீச்சர். தப்பு.”

அவர் அதைச் சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. டயரில் காற்றைப் பார்க்க வந்தேன், நீங்கள் சாமான் ஒன்றை மறந்துவிட்டீர்கள் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். டீச்சரின் சிரிப்பு போய்விட்டது. பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு சக்கரத்தைப் பார்த்தார்.

“டைட்டா இருக்கா?”

“இருக்கு. நாலும்.”

“மத்த மூணு சக்கரமும்?”

அவற்றை அன்று ரஃபீக் கழற்றவே இல்லை. நானா அதைச் சொல்லவில்லை. ஒவ்வொன்றிடமும் போய்க் குந்தி, எல்லா நட்டையும் அழுத்தினார். டீச்சர் கைகட்டிக்கொண்டு கூடவே நடந்தார். முடிந்ததும் நானா “போகலாம்” என்றார். டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார். நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை.

கடைக்குத் திரும்பியபோது டிவியில் பச்சைப் பசேலென்று முதல் காடு. பறவைச் சத்தத்தோடு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இருக்கையில் நானா வைத்த இடத்திலேயே கன்ட்ரோலர் கிடந்தது. அதற்கு இரண்டு பக்கமும் மூன்று பேரும் சாவுவீட்டில் உட்காருவதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

“என்னா ஆச்சு?” என்றேன்.

“நின்ன இடத்துலயே நின்னான். கண்ணு முன்னாலயே எரிஞ்சு போயிட்டான்” என்றார் சுப்பையா அண்ணன்.

“யாராச்சும் எடுத்து ஆடியிருக்கலாமே!”

“எப்படி எடுக்கறது? நானா குடுத்துட்டுப் போகலியே.”

“ஆட வேணாம். பொத்தான அமுக்கி நிறுத்தியாச்சும் வச்சிருக்கலாமே!”

“அதுக்கும் தொடணும்லா.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சுப்பையா அண்ணனின் கண் உண்மையிலேயே சிவந்திருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நானாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நட்டு லூசா இருந்துச்சா?”

“இல்ல. டைட்டாத்தான் இருந்துச்சு.”

“ஆக, சும்மா ஓடியிருக்கீங்க.”

நானா வழக்கம்போல் யோசித்தார். ஸ்பேனரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

“டைட்டாத்தான் இருந்துச்சு சுப்பையா. ஆனா போகலாம்னு நான் சொன்னப்போ, அது எனக்குத் தெரியாதே.”

சுப்பையா அண்ணன் எழுந்தார். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பிப் போனார். மற்ற இருவரும் ஒருவர்பின் ஒருவராக நழுவினார்கள். ரஃபீக் வேனுக்குச் சக்கரத்தை மாட்டி இறக்கினார். நானா போய் அதன் பக்கத்தில் குந்தினார்.

டீச்சர் அதன்பிறகு அந்தக் கடைக்கு வரவில்லை. செலண்டாரிலேயே ஒரு கடைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நானாவும் சொல்லவில்லை. புதிதாக வருகிறவர்கள் யார் யாரோ சட்டித்தலையனைக் காட்டுக்குள் நடத்திக்கொண்டு போனார்கள். எனக்கு அவன்மேல் பழைய ஆசை வரவில்லை. நானாவும் மறுபடி ஆடவில்லை. இரண்டு வருடம் கழித்துக் கடையைக் கொடுத்துவிட்டு மகனோடு ஜொகூருக்குப் போனார். சௌகரியமாக இருக்கிறாரா என்று போனில் கேட்டேன். “இன்னைக்கு இருக்கேன்” என்றார்.

அவர் போகும்வரை சுப்பையா அண்ணன் அவரோடு பேசவில்லை. அப்படி ஒரு கோபம். ஆனால் லாரி மட்டும் தவறாமல் அந்தக் கடைக்குத்தான் வந்தது. லாரியை உள்ளே விட்டுவிட்டு, எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு தே தாரிக் குடித்துக்கொண்டிருப்பார். நானா வாசலுக்கு வந்து சாலையைத் தாண்டிக் கேட்கும்படி “போகலாம்” என்று சத்தம் கொடுப்பார். இவர் எழுந்துபோய், முகத்தைத் திருப்பிக்கொண்டே லாரியில் ஏறுவார்.

ஒருநாள் அவர் மேசையில் போய் உட்கார்ந்து கேட்டேன். “இவ்வளவு கோவம் இருக்கறவரு, வேற கடைக்குப் போயிடலாமே அண்ணே? ஊர்ல டயர் கடைக்கா பஞ்சம்?”

சுப்பையா அண்ணன் கோப்பையை வைத்தார்.

“அந்தாளு மூஞ்சியப் பார்க்கவே எனக்குப் பிடிக்கல தம்பி” என்றார். “ஆனா குலையோட தோட்டத்து மேட்டுலேர்ந்து எறங்கறேன் பாருங்க, அந்த எறக்கத்துக்குக் கீழ பள்ளிக்கூடம் இருக்குலா.”